ஆகஸ்ட்டில் மட்டக்களப்பிலிருந்து மலைநாட்டுக்கு வான் வண்டியில் பயணம்: எந்த வழியால் போவது?

கல்லடிப்பாலம் எழுதியது:

வணக்கம். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம் முடிந்த கையோடு மலைநாட்டுப் பக்கம் புறப்படுவதாக இருக்கிறோம். டொரொண்டோவிலிருந்து அண்ணன் குடும்பம் கோடை விடுமுறைக்கு வருகிறது. மொத்தம் எட்டுப் பேர். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். சின்னவனுக்கு வளைவைக் கண்டாலே வயிற்றைக் குமட்டும். வானை வாடகைக்கு எடுத்து நானே ஓட்டுவதாக எண்ணம். கல்முனை வீதியில் ஓட்டிப் பழகிய கை, மலையில் ஓட்டியது குறைவு.

அண்ணன் மகன் போட்டுத் தந்த திட்டம் இது: முதல் நாள் கண்டி, இரவில் தலதா மாளிகைப் பெரஹரா ஊர்வலம். இரண்டாம் நாள் நுவரெலியா. மூன்றாம் நாள் விடியற்காலை ஹோர்டன் சமவெளி, பின்னேரம் எல்ல. நான்காம் நாள் ஒன்பது வளைவுப் பாலம், தியலும நீர்வீழ்ச்சி. ஐந்தாம் நாள் அப்புத்தளை, இரவோடிரவாகச் சிவனொளிபாதமலை. ஆறாம் நாள் வீடு. ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் இல்லை என்று கைப்பேசி வரைபடம் சொல்கிறது. இது சரிவருமா?

மலைச்சாரதி எழுதியது:

சரிவராது.

ஊவாக்காற்று எழுதியது:

மலைச்சாரதி அண்ணன் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். நான் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

தம்பி, முதலில் சிவனொளிபாதமலையை வெட்டுங்கள். அதன் பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியோடு முடிந்துவிடும். ஆகஸ்ட்டில் படிகளில் விளக்கு எரியாது, தேநீர்க் கடைகள் மூடிக் கிடக்கும், மேலே மழையும் காற்றும்தான். முழங்கால் வருத்தமுள்ள அம்மாவை வைத்துக்கொண்டு அந்தப் பேச்சே வேண்டாம்.

அடுத்தது கண்டி. பெரஹரா நாட்களில் அறை வாடகை எகிறிவிடும், நகருக்குள் வீதிகளை மூடுவார்கள். பெரஹராதான் நோக்கம் என்றால் அதற்கென்று தனியாகப் போங்கள். மலை பார்க்கப் போகிறவர் முதல் இரவையே நெரிசலில் தொலைக்க வேண்டியதில்லை.

இனிமேல்தான் முக்கியமான விடயம். மே முதல் செப்டெம்பர் வரை மட்டக்களப்பில் கச்சான் காற்று எப்படிச் சுட்டெரிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அது எங்கிருந்து வருகிறது? தென்மேற்கிலிருந்து ஈரத்தோடு வந்து ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கச் சரிவில் ஏறும்போது மழையைக் கொட்டிவிடுகிறது. நுவரெலியா முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது வெறும் வறண்ட காற்று. வெலிமடை, பண்டாரவளை, எல்ல, பதுளை எல்லாம் அந்த வறண்ட பக்கம். அதே காற்றுத்தான் மகாஓயா தாண்டி உங்கள் வாவிக்கரைக்கும் வருகிறது. பதுளைப் பக்கத்து ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை தனி மணம் ஏறுவதும் இந்தக் காற்றால்தான். ஆக, ஆகஸ்ட்டில் மலைநாடு ஒன்றல்ல, இரண்டு. நானுஓயாவில் குடை பிடித்து நிற்கிற அதே நேரத்தில் வெலிமடையில் உருளைக்கிழங்குப் பாத்திக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பார்கள்.

எனவே என் கருத்து: ஊவாவில் ஓரிடத்தில் பாயைப் போடுங்கள், அங்கிருந்து நாலு பக்கமும் போய் வாருங்கள். பண்டாரவளை சுமார் 1,230 மீற்றர் உயரம். இரவில் குளிரும், ஆனால் அம்மாவின் முழங்கால் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு அல்ல. நுவரெலியா 1,868 மீற்றர், அது வேறு கதை.

நீங்கள் கண்டிக்கே போகத் தேவையில்லை. செங்கலடியில் ஏ5 வீதியில் ஏறினால் மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை. பேராதனையிலிருந்து செங்கலடி வரை ஒரே வீதி, உங்கள் வீட்டு வாசலில் முடிகிற வீதி. அதை விட்டுவிட்டு ஏன் கண்டியைச் சுற்றுகிறீர்கள்?

டொரொண்டோ மருமகன் எழுதியது:

திட்டம் போட்டவன் நான்தான். சித்தப்பா இணைப்பை அனுப்பினார். சிவனொளிபாதமலையை விட்டுவிடச் சம்மதம். ஆனால் ஹோர்டன் சமவெளியில் உலக முடிவு என்கிற செங்குத்துப் பள்ளமும், தியலுமவின் மேலே இருக்கிற இயற்கைத் தடாகங்களும் கட்டாயம் வேண்டும். இரண்டுக்காகவும்தான் நான் வருகிறேன். ரொக்கி மலையில் ஒரே நாளில் அறுநூறு கிலோமீற்றர் ஓட்டியிருக்கிறோம், இங்கே எழுபது கிலோமீற்றருக்கு ஏன் இவ்வளவு பயம்?

மலைச்சாரதி எழுதியது:

மருமகனே, ரொக்கி மலையில் வளைவுக்குப் பின்னாலிருந்து பஸ் முழு வீதியையும் எடுத்துக்கொண்டு வராது. இங்கே வரும். கண்டியிலிருந்து நுவரெலியா 77 கிலோமீற்றர்தான். இறம்பொடை வளைவுகளில் ஒரு கொள்கலன் லொறிக்குப் பின்னால் மாட்டினால் மூன்று மணி நேரத்தை மறந்துவிட வேண்டும். மலையில் தூரத்தைக் கிலோமீற்றரில் கேட்கக் கூடாது, மணியில் கேட்க வேண்டும். அந்த மணியோடு தேநீருக்கும் வாந்திக்கும் ஒரு மணியைச் சேர்த்துக்கொள்ளவும் வேண்டும்.

கல்லடிப்பாலம் தம்பிக்கு ஓட்டுவது பற்றி மட்டும் சொல்கிறேன், இடங்களை மற்றவர்கள் சொல்லட்டும்.

எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எட்டுப் பேரும் பெட்டிகளும் ஏறிய வானைப் பிரேக்கால் மட்டும் பிடித்துக்கொண்டு இறங்கினால், கால் மணி நேரத்தில் சுட்ட ரப்பரும் கருகிய துணியும் கலந்தாற்போல ஒரு நெடி உள்ளே வரும். அதற்குப் பிறகு மிதி மெதுமெதுவென்று கீழே போகும். அந்த நெடி வந்தால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி, டயருக்குக் கல் வைத்து, ஆற விடுங்கள். சில பேர் அவசரத்தில் சில்லின்மீது தண்ணீர் ஊற்றுவார்கள். சூடான இரும்பு வெடிக்கும், ஊற்றவே கூடாது. தானியங்கிக் கியர் வான் என்றால் இறக்கத்தில் “2” அல்லது “L” கியரில் போடுங்கள், “D”யிலேயே விட்டு உருட்டாதீர்கள்.

ஏறி வருகிறவனுக்கு வழி விடுவது மலை வழக்கம். வளைவுக்கு முன் ஹோர்ன் அடிப்பது இங்கே கோபமல்ல, தகவல். மூடுபனியில் பெரிய விளக்கைப் போட்டால் முன்னால் வெள்ளைத் திரைதான் தெரியும், தாழ்த்திய விளக்கே போதும். இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். மகாஓயாவிலிருந்து செங்கலடி வரையான துண்டிலும் அப்படித்தான், அங்கே மலையில்லை, யானை இருக்கிறது.

சின்னவனை முன் வரிசையில் ஜன்னலோரம் வையுங்கள். கையில் கைப்பேசி கொடுக்காதீர்கள். தேசிக்காய் ஒன்றை நகத்தால் கீறி மோந்துகொண்டே வரட்டும்.

தலவாக்கலை மகள் எழுதியது:

ஊவாக்காற்று ஐயா எங்கள் பக்கத்தையே வரைபடத்திலிருந்து துடைத்துவிட்டாரே! மழை என்றால் அவ்வளவு பெரிய குற்றமா?

ஆகஸ்ட்டில் ஊவாவில் காற்று இருக்கும், வெயில் இருக்கும், நீர்வீழ்ச்சியில் தண்ணீர் இருக்காது. தியலும 220 மீற்றர், பம்பரகந்த 263 மீற்றர், உயரத்தில் இவை இரண்டையும் மிஞ்ச இந்த நாட்டில் எதுவுமில்லை. ஆனால் அந்த மாதத்தில் கீழே நின்று பார்த்தால் பாறையில் ஈரக்கோடு ஒன்று தெரியும். எங்கள் பக்கத்து டெவன், இறம்பொடை நீர்வீழ்ச்சிகள் அப்போதுதான் நிறைந்து விழும். சென்கிளயர் நீர்வீழ்ச்சி, மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்தபின் பழையபடி இல்லை, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஹட்டனிலிருந்து தலவாக்கலை வரும் வீதியில் மழை விட்ட அரை மணி நேரத்தில் எதிர்ச்சரிவு முழுவதும் கழுவி விட்டதுபோல் பச்சையாக எழுந்து நிற்கும். வெயில் நாளில் வந்தவருக்கு அந்த நிறம் கிடைக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கனடாவிலிருந்து வருகிறவர்களுக்கு முக்கியமாக. வானை ஓரங்கட்டி, கொழுந்து பறிக்கிற பெண்களைக் கேளாமலே படம் எடுப்பதை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறோம். அவர்கள் காட்சிக்கு நிற்கவில்லை. நிறை குறைந்தால் அன்று அரைப்பேர்தான் விழும், சம்பளம் பாதியாகிவிடும். “கொஞ்சம் இப்படித் திரும்புங்கள் அக்கா” என்று கூப்பிடுகிற நேரம் அவர்கள் கூடையில் கழிகிறது. பேச விருப்பமென்றால் நிறுவை நேரத்தில் கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில் நின்று வணக்கம் சொல்லிப் பேசுங்கள், நாங்களும் தமிழ்தான் பேசுகிறோம். தோட்டக் குடியிருப்பு லயத்து வாசலில் காய்கிற துணியையும் பிள்ளைகளையும் படமெடுத்துப் போடாதீர்கள்.

டொரொண்டோ மருமகன் எழுதியது:

அக்கா, அது புரிந்தது, நன்றி. கேட்டுத்தான் எடுப்போம், இல்லாவிட்டால் எடுக்க மாட்டோம்.

தியலுமவில் தண்ணீர் இருக்காது என்றால் மேலே தடாகங்களும் வற்றியிருக்குமா?

ஊவாக்காற்று எழுதியது:

முற்றாக வற்றாது, குறைந்திருக்கும். உண்மையைச் சொன்னால் தண்ணீர் குறைந்த காலத்தில்தான் அங்கே இறங்கவே வேண்டும். மேலே பூனாகலைப் பக்கம் மழை பெய்தால், இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே நீர்மட்டம் ஏறிவிடும். தடாகத்தின் விளிம்புக்கு அப்பால் 220 மீற்றர் பள்ளம், பாறையோ பாசி பிடித்தது. நீந்தத் தெரியும் என்பது அங்கே உதவாது. உள்ளூர்ப் பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவன் இறங்காதே என்றால் இறங்காதீர்கள்.

கொஸ்லந்தை வழியாகப் போகும்போது மீரியபெத்தை பக்கமும் பார்வை போகும். 2014 ஒக்டோபர் 29 காலையில் மண்சரிவில் லயன்கள் அப்படியே மண்ணுக்குள் போன இடம். மலைப் பயணத்தில் மழையை இலேசாக எடுக்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம், தலவாக்கலை மகள் கோபிக்க வேண்டாம்.

தலவாக்கலை மகள் எழுதியது:

கோபமில்லை ஐயா. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் இரண்டு பக்கமும்தான் சரிந்தது, ஈரப் பக்கம் உலர்ந்த பக்கம் என்று மண் பார்க்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச வாரியாக மண்சரிவு எச்சரிக்கை வெளியிடும். புறப்படுகிற நாள் மட்டுமல்ல, ஒவ்வொரு இரவும் அதைப் பார்த்துவிட்டுப் படுங்கள். மஞ்சள் என்றால் கவனம். அதற்கு மேலே போனால் அடுத்த நாள் அறையிலேயே இருந்து கடதாசி விளையாடுங்கள்.

மாத்தளையான் எழுதியது:

ரயிலைப் பற்றி யாருமே பேசவில்லையே? கனடாப் பிள்ளைகளை மலை ரயிலில் ஏற்றாமல் அனுப்புவதா?

மலைச்சாரதி எழுதியது:

ரயில் நல்லதுதான். ஆனால் டித்வாவில் மலையகப் பாதை பல இடங்களில் உடைந்தது. எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையம் வரை ஓடுகிறது என்று பண்டாரவளை நிலையத்தில் நேரில் கேட்டபின் திட்டத்தில் சேர்க்கட்டும். ஓடினால் பண்டாரவளையில் ஏற்றிவிட்டு நான் சொல்கிறபடி வானைத் தெமோதரையில் கொண்டுபோய் நிறுத்தலாம். அங்கே இறங்கினால் சின்னவர்களுக்கு நல்ல வேடிக்கை: தண்டவாளம் நிலையத்தைச் சுற்றி வளைந்து, அந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழையும். ஒன்பது வளைவுப் பாலத்தைவிட அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 1921இல் இரும்பில்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் வைத்துக் கட்டிய பாலம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் இப்போது பாலத்தைவிட ஆட்கள் அதிகம்.

கதவில் தொங்கிப் படம் எடுக்க மட்டும் விடாதீர்கள். சுரங்க வாயும் கிளைகளும் கைவீச்சுத் தூரத்தில் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்து அப்படி உயிரை விட்டவர்கள் உண்டு.

கல்லடிப்பாலம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இப்போது வீட்டில் இரண்டு கட்சி. அண்ணன் மகன் ஹோர்டன் சமவெளியை விடமாட்டேன் என்கிறான். அம்மாவுக்குச் சீதாஎலிய சீதையம்மன் கோயில் வேண்டும், வேறு எதுவும் வேண்டாம். ஊவாக்காற்று ஐயா, பண்டாரவளையில் தங்கினால் இரண்டும் முடியுமா?

ஊவாக்காற்று எழுதியது:

சீதையம்மன் கோயில் சுலபம். பண்டாரவளையிலிருந்து வெலிமடை வழியாக நுவரெலியா போகும் வீதியில், ஹக்கலைத் தாவரவியல் பூங்காவைத் தாண்டியதும் வீதியோரத்திலேயே இருக்கிறது. அம்மா அதிகம் நடக்க வேண்டியதில்லை. காலையில் போய், பூங்காவில் பிள்ளைகளை ஓடவிட்டு, நுவரெலியாவில் பகல் சாப்பாடு சாப்பிட்டு, இருட்டுமுன் திரும்பிவிடலாம். வருகிற வழியில் கெப்பெட்டிபொலயில் மரக்கறி லொறிகள் நிற்கிற இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். உங்கள் ஊர்ச் சந்தையில் வாங்குகிற கரட்டும் கோவாவும் எங்கிருந்து புறப்படுகின்றன என்று அண்ணியாருக்குக் காட்டலாம்.

ஹோர்டன் சமவெளி அப்படியல்ல. 2,100 மீற்றர் உயரத்தில் முகட்டின் மேலேயே இருக்கிறது, அதாவது இரண்டு காலநிலைக்கும் நடுவில். அதற்கு நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஆகஸ்ட்டில் உலக முடிவில் போய் நின்றால் பள்ளத்தாக்குக்குப் பதிலாக வெள்ளைச் சுவர்தான் கிடைக்கும் என்பது பத்துக்கு ஆறேழு தடவை நடக்கும். நல்ல நாளிலும் ஒன்பது, பத்து மணிக்குமேல் மூடிவிடும். சுற்று நடை சுமார் ஒன்பது கிலோமீற்றர், அம்மாவும் சின்னவனும் வர முடியாது. எனவே முழுக் குடும்பத்துக்கும் அதைத் திட்டமாக வைக்காதீர்கள். போவதற்கு முதல் நாள் பின்னேரம் அப்புத்தளையிலிருந்து ஓஹியப் பக்கம் பாருங்கள். முகடு தெளிவாகத் தெரிந்தால் மருமகனும் நடக்கக்கூடியவர்களும் விடியுமுன் வேறொரு வண்டியில் ஓஹிய வாயிலால் போகட்டும். வாயில் ஆறு மணிக்குத் திறக்கும். பிளாஸ்டிக் பையையும் போத்தல் உறையையும் வாயிலிலேயே பிடுங்கிவிடுவார்கள், சாப்பாட்டை வாழையிலையில் கட்டிக்கொள்ளுங்கள். மரை வாகனத் தரிப்பிடத்துக்கே வரும், ஊட்டாதீர்கள்.

முகடு தெரியாவிட்டால் அழ வேண்டாம். தம்பேதென்னத் தேயிலைத் தொழிற்சாலைக்கு மேலே லிப்டன் இருக்கை இருக்கிறது. 1890இல் தோமஸ் லிப்டன் இங்கே தோட்டங்களை வாங்கியபின் வந்து உட்கார்ந்து பார்த்த இடம். தொழிற்சாலையிலிருந்து ஏழு கிலோமீற்றர் ஒற்றைத் தடம், வானால் போகாதீர்கள், அப்புத்தளையில் முச்சக்கரவண்டி பிடியுங்கள். எட்டு மணிக்கு முன் ஏறிவிட்டால் தெற்கே சமவெளி வரை தெரியும், வானம் தெளிந்த நாளில் உடவளவைக் குளம் ஒரு கண்ணாடித் துண்டாக மின்னும். அம்மாவும் வரலாம், கடைசிச் சில அடிகள்தான் நடை.

அப்புத்தளையில் பின்னேரம் நாலு மணியளவில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சும்மா நில்லுங்கள். தெற்குப் பள்ளத்திலிருந்து மேகம் கடைத்தெருவுக்குள்ளேயே ஏறி வரும். எதிர்க்கடையின் பெயர்ப்பலகை மறையும், பிறகு கடையே மறையும், பஸ்ஸின் ஹோர்ன் மட்டும் கேட்கும். பத்து நிமிடத்தில் எல்லாம் விலகி வெயிலடிக்கும். இதற்கு நுழைவுச்சீட்டுக் கிடையாது.

டொரொண்டோ மருமகன் எழுதியது:

லிப்டன் இருக்கையை இப்போதுதான் படங்களில் பார்த்தேன். சரி, ஹோர்டன் சமவெளியை வானிலையிடம் விட்டுவிடுகிறேன். அட்டை இருக்குமா?

தலவாக்கலை மகள் எழுதியது:

ஊவாவில் அந்த மாதத்தில் அபூர்வம். எங்கள் பக்கம் வந்தால் நிச்சயமாக வரவேற்கும். உப்பு அல்லது சவர்க்காரம் கையில் வைத்திருங்கள், பிய்த்து இழுக்காதீர்கள். கடித்த இடத்தில் இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் ஒழுகும், அதைப் பார்த்து அண்ணியார் மயங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லடிப்பாலம், போன வழியாலேயே ஏன் திரும்ப வேண்டும்? கடைசி இரவு மட்டும் எங்கள் பக்கம் வாருங்கள். நானுஓயாவிலிருந்து தலவாக்கலை, அங்கே ஒரு மழை, ஒரு டெவன். மறுநாள் இறம்பொடை, புசல்லாவை, கம்பளை வழியாக இறங்கி, கண்டி நகருக்குள் நிற்காமல் மகியங்கனை வீதியைப் பிடித்தால் பதியத்தலாவையில் உங்கள் ஏ5 வீதி திரும்பக் கிடைத்துவிடும்.

மலைச்சாரதி எழுதியது:

நல்ல சுற்று. ஆனால் கண்டி-மகியங்கனை வீதியில் பதினெட்டு வளைவு இறக்கம் இருக்கிறது. வீதியைத் திருத்தியபின் வளைவு ஒன்று குறைந்துவிட்டது, பெயர் மட்டும் பதினெட்டாகவே நின்றுவிட்டது. முன்னைவிட அகலம்தான், இருந்தாலும் எட்டுப் பேரோடு இரண்டாம் கியருக்கு மேல் போடாதீர்கள். தலவாக்கலையிலிருந்து காலை ஆறு மணிக்கே புறப்பட்டால்தான் மகாஓயாவை வெளிச்சத்தில் தாண்டலாம். பெரஹரா நாள் என்றால் கண்டிப் பக்கமே வேண்டாம், வெலிமடை, பதுளை என்று வந்த வழியாலேயே திரும்புங்கள்.

வானை எடுக்கும்போது டயரின் பூவைக் குனிந்து பாருங்கள். உரிமையாளர் “நேற்றுத்தான் சேர்விஸ் செய்தது” என்பார். பிரேக் லைனர் எப்போது மாற்றியது என்று தனியாகக் கேளுங்கள்.

கல்லடிப்பாலம் எழுதியது:

சரி, வீட்டில் முடிவாகிவிட்டது. ஏ5 வழியாகவே ஏறுகிறோம். மகாஓயா வெந்நீரூற்றில் காலைச் சாப்பாடு, பதுளையில் பகல். துன்ஹிந்த நீர்வீழ்ச்சிக்குப் போகிற நடை அம்மாவுக்கு ஆகாது என்பதால் அதை விட்டுவிட்டோம். பண்டாரவளையில் நான்கு இரவு: ஒரு நாள் அப்புத்தளையும் லிப்டன் இருக்கையும், ஒரு நாள் எல்லயும் தெமோதரையும், ஒரு நாள் சீதையம்மன் கோயில். ஹோர்டன் சமவெளியா தியலுமவா என்பது அன்றைய வானத்தைப் பொறுத்தது, அது மருமகனின் பொறுப்பு. கடைசி இரவு தலவாக்கலை, மஞ்சள் எச்சரிக்கைக்கு மேல் போகாமலிருந்தால்.

இன்னொரு மாற்றம். அம்மா இந்த இழை முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிரேக் நெடி வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, “நீ ஓட்ட வேண்டாம், மலை தெரிந்த ஒரு சாரதியைப் பிடி” என்று முடித்துவிட்டார். ஆகையால் மலைச்சாரதி அண்ணா, ஆகஸ்ட் நடுப்பகுதியில் உங்களுக்கு வேலை இருக்கிறதா? தனிமடலில் தொடர்பு கொள்கிறேன்.

மலைச்சாரதி எழுதியது:

அனுப்புங்கள் தம்பி. ஆனால் வானில் பாட்டுச் சத்தம் வளைவுகளில் குறைய வேண்டும், இது முதலாவது நிபந்தனை. இரண்டாவது, சின்னவன் என் பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.